சாதனைப் பக்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த வரி

என் மகள் படித்த மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்து வெளிநாடு போனவர்களுக்கென்று ஒரு செய்திமடல் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாட்ஸப்பில் வரும். இப்போதெல்லாம் வந்தவுடன் திறக்காமலே அழித்துவிடுகிறேன். முதல் பக்கத்தில் விமானத்தைச் சுற்றி ஸ்டெதஸ்கோப் வளைந்திருக்கும் அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது.

ஒரு காலத்தில் அதை விரலால் பெரிதாக்கி வரிவரியாகப் படித்தவள்தான் நான். ஆவடியில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லித்தருகிறேன். ஆசிரியர் அறையில் கூட இருப்பவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். ஒருவர் அமெரிக்காவில் இதயப் பிரிவுக்குத் தலைவரானார், இன்னொருவர் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார் என்று வரும். அதெல்லாம் சரி. ஒருவர் ஏரி பார்த்த வீடு வாங்கியதும், இன்னொருவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததும், யாரோ ஒரு டாக்டரின் ஏழு வயதுப் பையன் நீச்சல் போட்டியில் மூன்றாவதாக வந்ததும்கூட அதே சாதனைப் பக்கத்தில்தான் வரும். அந்தப் பக்கத்தில் யாருக்கும் சளி பிடிக்காது. யாரும் தேர்வில் தோற்க மாட்டார்கள்.

அந்தச் செய்திகளை எழுதுவது அந்த டாக்டர்கள் இல்லை என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. பிள்ளைகள் பதில் போடுவதில்லை. அதனால் பெற்றோர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். படிவம் அதில் வரும். நாங்கள்தான் நிரப்புவோம்.

என் மகள் இங்கிலாந்துக்குப் போய் ஒரு முதுகலைப் படிப்பை முடித்தாள். அங்கே மருத்துவம் பார்ப்பதற்கான தேர்வுகளையும் எழுதித் தேறினாள். அதற்குப் பிறகு வேலைதான் கிடைக்கவில்லை. விண்ணப்பம் போட்டுப் போட்டு எத்தனை என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. நேர்காணலுக்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. ஐந்து பெண்களோடு ஒரு வீட்டில் தங்கிக்கொண்டு, ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதியவர்களைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, துணி மாற்றுவது. அந்த வேலையைப் பற்றி எனக்கு எந்த அருவருப்பும் இல்லை. என் மாமியார் படுக்கையில் கிடந்தபோது இரண்டு வருடம் நானே செய்த வேலைதான் அது. அருவருப்பெல்லாம் அதை நான் மறைத்த விதத்தில்தான்.

படிவத்தில் 'தற்போதைய பதவி' என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். சிறப்பு நிபுணர், பயிற்சி மருத்துவர், ஆராய்ச்சியாளர், மருத்துவ அலுவலர். காத்திருப்பவர்களுக்கு அதில் இடமே இல்லை. என் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன போடட்டும்?" என்றேன்.

"மருத்துவ அலுவலர்னு போடு. எப்படியும் அடுத்த மாசம் கிடைச்சிரும்."

போட்டேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கீழே ஒரு காலியிடம் இருந்தது. அதில், 'வட இங்கிலாந்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் பணியில் சேர்ந்து, நோயாளிகளின் அன்பைப் பெற்றுவருகிறார்' என்று எழுதினேன். அந்த நோயாளிகள் யார்? எந்த அன்பு? யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நானாக எழுதினேன். எழுதிவிட்டு ஒரு முறை வாசித்து, சொற்கள் அழகாக விழுந்திருக்கின்றன என்று சந்தோஷப்பட்டேன்.

இதழ் வந்தது. குழுவில் கைகூப்பிய படங்களும் பூங்கொத்துகளும் குவிந்தன. மறுநாள் என் மகள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். கூட ஒரு சொல் எழுதவில்லை. பிறகு ஒன்பது நாள் போனே இல்லை. பத்தாம் நாள் கூப்பிட்டு, ரசப்பொடி தீர்ந்துவிட்டது என்றாள். நானும் ரசப்பொடியைப் பற்றியே பேசினேன்.

அந்த வாரமே, ஒரு வியாழக்கிழமை, திருநின்றவூரிலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். அவருடைய மகள் என் மகளுக்கு மூன்று வருடம் இளையவள், அதே பல்கலைக்கழகம்.

"அக்கா, டீச்சர்தானே? உங்க பொண்ணு சேதிய வாட்ஸப்ல பாத்தோம்க்கா. எம் பொண்ணு இங்க ஒரு ஹெல்த் சென்டர்ல டாக்டரா கீறா. அவளுக்கும் அதே படிப்புக்கு சீட் வந்துகீது. திங்கக்கிழமை ரிசைன் லெட்டர் குடுக்கப் போறா. உங்க பொண்ணு கீற ஆஸ்பத்திரில ஒரு வார்த்த சொல்லி வெச்சா போதும்க்கா. எங்க ஊட்ல இவதான் மொத டாக்டரு."

"சொல்றேங்க" என்றேன். அந்த நேரத்திலும் என் வாயில் அதுதான் வந்தது.

போனை வைத்த பிறகு விரல் விட்டு எண்ணினேன். திங்கட்கிழமைக்கு நடுவில் மூன்று நாள்தான் இருந்தது. கையில் இருக்கும் வேலையை ஒரு பெண் விடப்போகிறாள், நான் எழுதிய ஒரு வரியை நம்பி.

செய்திமடலைத் தொகுப்பவர் பூந்தமல்லியில் இருக்கும் ஓய்வுபெற்ற டாக்டர். அவரைக் கூப்பிட்டு, என் மகளைப் பற்றிய செய்தி தவறு, உடனே குழுவில் ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். என்ன தவறு என்று கேட்டார். சொன்னேன். மெதுவாகச் சிரித்தார்.

"அம்மா, திருத்தம் போட ஆரம்பிச்சா நான் அதுக்குன்னு தனி இதழ்தான் போடணும்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா சார்?"

"நாப்பது வருஷம் நோயாளிங்க சொல்ற கதைய கேட்டவன்மா நான். தெரியாமயா இருக்கும்? விடுங்க. அடுத்த இதழுக்குள்ள உண்மையாயிடும். நம்ம பசங்க கெட்டிக்காரங்க."

குரலில் அவ்வளவு கனிவு. சாக்கடையில் கால் வைத்துவிட்டது போல உடம்பு கூசியது. இத்தனை நாள் நான் படித்து வாயைப் பிளந்த பக்கங்களில் எது நிஜம், எது என்னைப் போல ஒரு அம்மா அடுக்களையில் நின்று எழுதியது? அவரைத் திட்டக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. அவர் போட்டது என் எழுத்தைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆவடியில் ரயில் ஏறினேன். பட்டாபிராம் வரும்போதே இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. திருநின்றவூரில் அவர்கள் வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். அந்த அம்மா வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். கூடத்தில் புதுப் பெட்டி ஒன்று, மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் நின்றது. டீ வந்தது. அந்தப் பெண் தலை துவட்டிக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். என் மகளுக்கு அங்கே டாக்டர் வேலை இல்லை, செய்தியை எழுதியது நான், அது பொய்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. "இன்னாக்கா இது. போட்டதும் நீங்க, இப்ப இல்லன்றதும் நீங்க. எம் பொண்ணு வந்தா உங்க பொண்ணுக்குப் போட்டியாயிடும்னு பாக்கறீங்களா?"

"சத்தியமா அப்படி இல்லைங்க."

"உங்க பொண்ணு மட்டும் ஃபாரின்ல இருக்கலாம். எங்க ஊட்டுப் பொண்ணு இங்கியே ஊசி போட்டுகினு கெடக்கணும். அதானே?"

"ம்மா, சும்மா இரு" என்றாள் அந்தப் பெண். பிறகு என்னைப் பார்த்து, "அக்காவுக்குப் போன் போடுங்க ஆன்ட்டி. அவங்க சொல்லட்டும்" என்றாள்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. என் மகளைக் கேட்காமல், அவள் மறைக்க நினைப்பதை யார் முன்னாலோ போட்டு உடைப்பதா? ஏற்கெனவே ஒரு முறை அவளைக் கேட்காமல் எழுதியவள் நான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். மறுநாள் திங்கள்.

வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம். வெளிர்நீலச் சீருடையில், ஒரு நடைவழியில் நின்றபடி எடுத்தாள்.

"பாப்பா, இது உன் ஜூனியர். நாளைக்கு வேலைய விட்டுட்டு அங்க வரப் போறா. நான் எழுதினது பொய்னு சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாங்க. நீயே சொல்லிடு."

என் மகள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "ஒரு வழியா சொல்லிட்டியா" என்றாள். போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன்.

"நான் டாக்டரா இல்லப்பா. முதியோர் இல்லத்துல கேர் அசிஸ்டென்ட். நல்ல வேலைதான், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா பத்து மாசமா ஸ்டெத்த தொடல. போன வாரம் ஒரு தாத்தாவுக்கு மூச்சு வாங்குச்சு. நுரையீரல்ல தண்ணி கோத்திருக்குன்னு பாத்த உடனே தெரியுது. நர்ஸ்கிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். உன் வேலைய மட்டும் பாருன்னாங்க."

"தாத்தா என்ன ஆனாருக்கா?"

"ஆம்புலன்ஸ் வந்துச்சு. கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரல."

இதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை.

"வராதன்னு நான் சொல்லல" என்றாள் என் மகள். "வந்து எவ்வளவு நாள் காத்திருக்கணும்னு தெரிஞ்சுகிட்டு வா. அத விடு. நீ அங்க என்னல்லாம் பாக்கற?"

"எல்லாந்தான்க்கா. காய்ச்சல், சுகர், நாய்க்கடி. வியாழக்கிழமை ஒரு டெலிவரி. தொப்புள்கொடி கழுத்துல ரெண்டு சுத்து சுத்தியிருந்துச்சு."

"அய்யோ. அப்புறம்?"

"ஒரு சுத்து தலைக்கு மேல கழட்டிட்டேன். ரெண்டாவது டைட்டா இருந்துச்சு. கிளாம்ப் போட்டு வெட்டிட்டேன்."

"அழுதுச்சா?"

"ஒரு நிமிஷம் அழல. எனக்கு உயிரே போச்சு. அப்புறம் கத்துச்சு பாருங்க."

என் மகள் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ம்மா, நாளைக்கு லெட்டர் குடுக்கல."

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் தொடாமல் வைத்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு, "ஆறிப் போச்சு, வேற போடறேன்" என்று உள்ளே போனார்.

போனில் என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். "வேற என்ன கேஸ்லாம் வந்துச்சு? சொல்லு. எனக்கு இன்னும் பத்து நிமிஷம் பிரேக் இருக்கு."