சாக்பீஸில் எழுதிய வருஷம்

என் மனைவி ஒதெத் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இருபத்தெட்டு வருஷமாக இந்தத் திராட்சைத் தோட்டச் சாலையில் ஒரு கோழியைக்கூட அவள் அடித்ததில்லை. ஆனால் ஊருக்குப் பெரிது அவள் மூக்குதான். யாருக்காவது ஒரு பெட்டி சிவப்பு ஒயின் வந்தால், ஒரு பாட்டில் நேரே எங்கள் சமையலறைக்கு வந்துவிடும். திறந்து முதல் நாள் ஒரு வாய், மறுநாள் ஒரு வாய், மூன்றாம் நாள் ஒரு வாய் என்று குடித்துப் பார்ப்பாள். நாளுக்கு நாள் ருசி ஏறினால் அந்த ஒயினுக்கு ஆயுசு கெட்டி. மறுநாளே துவண்டால் சீக்கிரம் குடித்துவிட வேண்டும். பிறகு அவர்கள் வீட்டு நிலவறைக்குப் போய், எந்த வருஷம் திறக்கலாம் என்று சாக்பீஸால் பெட்டிமேல் எழுதிவிட்டு வருவாள். பாட்டிலில் மிச்சம் எனக்கு. ஜோசியக்காரியைக் கட்டிக்கொண்டதில் நான் கண்ட லாபம் அது ஒன்றுதான்.

அவளுடைய சித்தப்பா மகன் ரெஜிஸ், கூரைக்கு ஓடு வேய்கிறவன். அவனிடம் 2005 அறுவடை ஒயின் மூன்று பெட்டி இருந்தது, பெட்டிக்குப் பன்னிரண்டு பாட்டில். 2007-ல் அது வந்த புதிதிலேயே ஒதெத் அதன்மேல் 2024 என்று எழுதிவிட்டாள். மகள் சொலேனின் கல்யாணமும் அதே வருஷம் ஜூனில் அமைந்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை கல்யாணம். வியாழன் காலை ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டனுப்பினான்.

"பதினேழு வருஷம்க்கா! நீ எழுதின வருஷத்தை நம்பித் தொடாம காத்துக்கிடந்தேன். இது என்னடான்னா வாயே தொறக்க மாட்டேங்குது. துருப்புடிச்ச தண்ணி மாதிரி இருக்கு. எம்பது பேருக்கு இதையா ஊத்துறது?"

ஒதெத் முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். ஒன்றும் சொல்லாமல், பாதி பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என் காபியைத் திட்டாத காலை கிடையாது. மார்ச் மாதம் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து திட்டே இல்லை. வயசான காலத்தில் பாசம் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் வேண்டுமென்றே காபியைக் கருகவிட்டுக் கொடுத்தேன். "நல்லா இருக்கு" என்றாள். காய்ச்சல் அவள் மூக்கைக் கொண்டுபோய்விட்டது என்று அப்போதுதான் புரிந்தது. அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவளே சொன்னாள். "மூணு மாசமா எனக்கு வாசனை தெரியலை. இப்ப அந்த ஒயின் தூங்குதா, செத்துப்போச்சா, இல்ல என் மூக்குதான் செத்துப்போச்சா... ஒண்ணும் புரியலைய்யா."

"தூங்குதுன்னா?"

"நாளைக்கே எல்லாத்தையும் தொறந்து காத்துப்பட விட்டா கல்யாணத்துக்குள்ள முழிச்சுக்கும். செத்திருந்தா, எம்பது பேருக்கும் புளிச்ச தண்ணிதான்."

பழைய ஒயினை முதல்நாளே திறந்து வைப்பது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம். செய்தவனைச் சாகும்வரை சொல்லிச் சிரிப்பார்கள்.

வெள்ளி விடியலில் அந்தப் பாதி பாட்டிலை ஒதெத் கோப்பையில் ஊற்றினாள். நான் காபிக் கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செர்ரி மாதிரி ஏதோ வருது. மழையில நனைஞ்ச இலை மாதிரியும். ஆசையில அப்படித் தோணுதோ என்னவோ. நீ மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். "ஒயின் வாசனை வருது."

"உங்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு!"

மறுபடி கோப்பையில் மூக்கை வைத்தாள். சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"யோவ், அடுப்புல என்ன? காபி போடுறியா, ரோட்டுக்குத் தார் காய்ச்சுறியா?"

கெண்டி கருகிக்கொண்டிருந்தது. நானே கவனிக்கவில்லை. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர்.

"இன்னொரு தடவை திட்டு" என்றேன்.

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. காபிக்குத் தோன்றிய வாசனை பொய்யில்லை என்றால் ஒயினுக்குத் தோன்றியதும் பொய்யில்லை. கருகின கெண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். ஐந்தே நிமிஷத்தில் ரெஜிஸின் நிலவறையில் நின்றோம்.

"மூளை கீளை கலங்கிடுச்சா அக்கா?" என்று ரெஜிஸ் தலையில் கைவைத்துக்கொண்டான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வேறு திராட்சை பயிரிடுகிறவர்கள். ஒதெத் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தக்கைகளைப் பிடுங்கி, காற்று இறங்கட்டும் என்று ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கால் கோப்பை வடித்தாள். வடித்ததெல்லாம் மாட்டுக்கறிச் சட்டிக்குப் போனது. எண்ணிப் பார்த்தேன், ருசி பார்த்த இரண்டும் போக முப்பத்து நாலு இருக்க வேண்டும், முப்பத்து மூன்றுதான் இருந்தது. ஒன்று எப்போதோ உடைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சனி மதியம் கறியோடு ஒயின் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க சம்பந்தி" என்றார்.

சற்று நேரத்தில் ரெஜிஸ் ஒரு பாட்டிலோடு எங்கள் பக்கம் வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"உன்னை நம்பாம இதை மட்டும் ஒளிச்சு வெச்சேன்க்கா. இப்பத்தான் தொறந்தேன். அன்னிக்கு மாதிரியே துருத்தண்ணி."

ஒதெத் அதை ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். "தூங்கிட்டிருந்தவனை இப்பத்தானே எழுப்பியிருக்கே. நாளைக்குப் பேசுவான்."

"மன்னிச்சுக்கக்கா."

"போடா. என்னை நானே நம்பலை, உன்னைச் சொல்லி என்ன?"

ஞாயிறு காலை அவன் அந்த பாட்டிலோடு வந்தான். ஒயினுக்குப் பேச்சு வந்திருந்தது. மூன்று பேரும் குடித்தோம். பக்கத்தில் நான் போட்டு வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. ஒதெத் அதில் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இதையெல்லாம் மனுஷன் குடிப்பானா?"

சந்தோஷமாகக் கொட்டிவிட்டு வேறு காபி போட்டேன். அதையும் திட்டினாள்.