காந்தத்தில் ஒட்டாத காசு

சின்னவன் போன வாரம் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினான். மண்ணுக்குள் கிடக்கும் காசைக் கண்டுபிடிக்கிற மெஷினாம். மூன்று படம், மூன்று விலை. "அப்பா, இதுல விலை குறைஞ்சதே போதுமா, பெருசுதான் வாங்கணுமா?" என்று கேட்டான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். உங்கள் அம்மாவுக்கும் தெரியும். பெரியவளே, இதில் நீயும் இருக்கிறாய், அதனால் நீயும் படி.

நயா பைசா வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். தென்காசியில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்குச் சிட்டை எழுதிக்கொண்டிருந்தேன். பெரியவளுக்கு ஒன்றரை வயது. அந்தக் கார்த்திகையில் அவளுக்கு வந்த காய்ச்சல் பன்னிரண்டு நாள் இறங்கவே இல்லை. பதிமூன்றாம் நாள் காலையில் உங்கள் அம்மா ஒரு வெள்ளி ரூபாயை மஞ்சள் துணியில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டாள். பிள்ளை பிழைத்தால் பங்குனி உத்திரத்தன்று எங்கள் குலதெய்வம் சாஸ்தாவுக்குச் செலுத்துவதாக நேர்ச்சை. அன்று சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. மருந்தா சாமியா என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

தை மாதம், காய்ச்சலுக்குப் பிறகு முதல் முதலாகப் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் குற்றாலம் போனோம். அருவி மெலிந்திருந்தது, கூட்டமும் இல்லை. கீழே ஆறு திரும்புகிற இடத்தில் குழந்தையைக் குளிப்பாட்டினோம். கண்ட இடத்தில் வைக்கப் பயந்து உங்கள் அம்மா அந்த முடிச்சை இடுப்பிலேயே செருகியிருந்தாள். கரையேறிப் பார்த்தால் மஞ்சள் துணி இருக்கிறது. முடிச்சு அவிழ்ந்து காசு போய்விட்டது.

வேறு ரூபாய் வைத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்குத் தோன்றாது. நேர்ந்து முடிந்த காசுக்கு மாற்றுக் காசு கிடையாது. அந்தக் காசேதான் போய்ச் சேர வேண்டும். இன்னொன்றும் உண்டு. செலுத்தி முடிக்கும்வரை நேர்ச்சைக் காசைப் பற்றி வெளியாளிடம் வாய் திறக்கக் கூடாது. இந்த இரண்டாவதுதான் என்னை ஏமாற்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சல்லடையும் கையுமாக அந்த மணலைச் சலித்துப் பார்த்தேன். தை அமாவாசைக்கு வந்தவர்கள் போட்ட ஓரணா, அரையணா கிடைத்தது. ரூபாய் கிடைக்கவில்லை. மாசி பிறந்ததும் பிள்ளைக்கு மறுபடியும் உடம்பு சுட்டது. உங்கள் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்த வெறும் மஞ்சள் துணியை எடுத்து மடித்து மடித்து வைத்தாள்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மைக் செட் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். கல்யாணம், கோயில் கொடை, திருவிழா எதுவானாலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது அவர்தான். பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் அவர் ஒரு மெஷின் எடுத்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். சண்டைக் காலத்தில் புதைத்த கண்ணிவெடியைத் தேடுகிற மெஷின். நீளக் கம்பு, அடியில் சட்டி மூடி மாதிரி ஒரு வட்டம், தோளில் மாட்ட ஒரு பெட்டி, காதில் வைக்க இரண்டு கிண்ணம். தொட்டுப் பார்க்கவே கை கூசியது.

"அண்ணாச்சி, தண்ணிக்குள்ள காசு கெடந்தா எடுக்கணும். இது என்ன விலை?"

"நூத்தம்பதுவே."

என் சம்பளம் மாதம் நாற்பத்தைந்து. நான் முழித்ததைப் பார்த்து அவர் சிரித்தார். "காசு பொறுக்கப் போறதுக்கு இது எதுக்கு? முதலைப் பிடிக்கவே ஏழு வருஷம் பொறுக்கணும். இந்தா, இதைப் பாரும்." எரிந்துபோன ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம். உளுந்த வடை அளவு, நடுவில் ஓட்டை. "ரெண்டு ரூபா தாரும். பையில காசு இருக்கா? எடும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினேன். காந்தம் இன்னும் இரண்டு விரற்கடை தூரத்தில் இருக்கும்போதே அந்த ரூபாய் என் விரலிலிருந்து துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. மக்களே, காந்தம் ஆணியை இழுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். காசை இழுக்கும் என்று யார் சொன்னது? எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. பிய்த்துப் பிய்த்து மறுபடி ஒட்டவிட்டுப் பார்த்தேன். அப்புறம் யோசிக்கவே இல்லை, வாங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கயிற்றில் கட்டி அந்த வளையத்தை மணலில் இழுத்தேன். வந்தது பாருங்கள்: கலர் பாட்டில் மூடி, ஊக்கு, கொண்டை ஊசி, மாட்டு லாடம் ஒன்று, அதன் ஆணிகள், கால் ரூபாய் ஆறு, ரூபாய் இரண்டு. துணி துவைக்க வந்தவர்கள் எல்லாம் துவைக்கிறதை விட்டுவிட்டு நின்றார்கள். ஒரு ஆச்சி, "ஆத்துக்குத் தூண்டில் போட்டு ரூபா பிடிக்கான் பாருட்டி" என்று மகளிடம் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு ரூபாயையும் கொண்டுபோய் உங்கள் அம்மா கையில் வைத்தேன்.

அவள் திருப்பிப் பார்த்தாள். "இதுல சிங்கம்லா இருக்கு. நான் முடிஞ்சது ராஜா தலை."

"அடுத்த தரம் அதுவும் வரும்."

அது வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சிங்கம் போட்டது எல்லாம் வருகிறது, ராஜா மட்டும் வரமாட்டேன் என்கிறார். பங்குனி உத்திரத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது உங்கள் அம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "வாங்க, அந்த அண்ணாச்சிகிட்டயே கேப்போம்" என்றாள்.

"சொல்லக் கூடாதுன்னு..."

"சொல்லாம இருந்து மட்டும் என்ன கெடச்சுது?"

அவளேதான் அவரிடம் சொன்னாள். காய்ச்சல், முடிச்சு, தண்ணீரில் போனது எல்லாம். அண்ணாச்சி சாலிடர் வைக்கிற கோலை இறக்கி வைத்தார். "எங்க மாதா கோயில்லயும் இது உண்டும்மா. ஏன்வே, இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா? ராஜா காலத்து ரூபா வெள்ளி. இப்ப வர்றது நிக்கல். நிக்கலைத்தான் காந்தம் பிடிக்கும். வெள்ளியைச் சீந்தாது." பிள்ளை இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண் கொடிமேல் காந்தத்தை வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. சும்மா வழுக்கிக்கொண்டு போனது. நான் தேடின காசு எத்தனை தரம் அந்த வளையத்துக்கு அடியிலேயே கிடந்து அது தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்ததோ.

பிறகு அவர் பட்டாளத்து மெஷினை எடுத்தார். அதற்குரிய பேட்டரி இந்த ஊரில் கிடையாது. பஞ்சாயத்து ரேடியோவுக்குப் போடுகிற பெரிய பேட்டரியை வைத்து ஒயரை மாற்றிக் கட்டினார். கிண்ணத்தை என் காதில் மாட்டிவிட்டு, "பிள்ளையை இங்கன கொண்டாம்மா" என்றார். கொசு பாடுகிற மாதிரி ஒரே சீராக ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வட்டம் பெரியவளின் இடுப்புக்கு நேரே வந்ததும் அந்தச் சத்தம் எழும்பிக் கூவியது. தள்ளினால் இறங்கியது. பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

"வாடகை வேண்டாம். பேட்டரிக்கு மட்டும் தாரும். ஆனா நான் இல்லாம மெஷின் வெளிய வராது" என்றார்.

மறுநாள் காலையில் போனோம். ஆறு நன்றாக வற்றி, மணல்திட்டு வெளியே தெரிந்தது. அண்ணாச்சி பெட்டியைச் சுமந்தார், நான் கம்பைப் பிடித்தேன். காதில் கிண்ணத்தை வைத்ததும் மிச்சமிருந்த அருவிச் சத்தமும் எங்கோ போய்விட்டது. குற்றாலத்தில் நின்றுகொண்டு அருவிச் சத்தம் கேட்காமல் இருப்பது என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உலகத்தில் நானும் மண்ணும் மட்டும்தான். கூவிய இடத்தில் தோண்டினால் பித்தளைக் குடத்து வளையம், ஓரணா, தகரம். ஒரு முழ ஆழத்தில் கிடப்பதுகூட மேலே நிற்கிற என்னிடம் 'நான் இங்கே இருக்கேன்' என்று சொல்லுகிறது. இத்தனை நாள் இதன்மேல்தானே மிதித்து நடந்தேன்.

பாறைக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு இடுக்கில் சத்தம் விடாமல் கூவியது. கையை விட்டேன். வெள்ளி ரூபாய், ராஜா தலை. உங்கள் அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கிண்ணத்தைக் கழற்றி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் காதில் வைத்துப் பார்த்து, "கூவுறது இன்னும் நிக்கலையேவே" என்றார். மறுபடி கையை விட்டால் இன்னொரு வெள்ளி ரூபாய். அதுவும் ராஜா தலை.

உங்கள் அம்மா இரண்டையும் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். கம்பை அவளே பிடித்து நிதானமாக நகர்த்தினாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கோயிலில் தீபாராதனை பார்க்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும். நான்கு அடி தள்ளி நின்று, "இங்கன" என்றாள். மூன்றாவது ரூபாய்.

அண்ணாச்சி மூன்றையும் தொடையில் துடைத்து வரிசையாகப் பாறைமேல் வைத்தார். "ரெண்டு ராஜாவுக்குத் தாடி இருக்கு. ஒருத்தருக்கு இல்ல. உங்க ராஜாவுக்குத் தாடி இருந்துச்சாம்மா?"

"காய்ச்சல் அடிக்கிற பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு ராஜாவுக்குத் தாடி இருக்கான்னா பாப்பாங்க அண்ணாச்சி?"

மூன்றும் தண்ணீரில் கிடந்து ஒரே கறுப்பாக இருந்தன. எது எங்களுடையது என்று அந்தப் பட்டாளத்து மெஷினாலும் சொல்ல முடியாது. மற்ற இரண்டும் யார் கையிலிருந்து விழுந்தவை, எதற்காகப் போட்டவை, அதுவும் தெரியாது. உங்கள் அம்மா இடுப்பிலிருந்து அந்த மஞ்சள் துணியை எடுத்தாள். மூன்றையும் அதில் வைத்தாள். மூன்று முடிச்சுப் போட்டாள்.

"மூணும் போகட்டும். நம்மது அதுல இருக்கு. மத்த ரெண்டும் யார் பிள்ளைக்குன்னு சாஸ்தாவுக்குத் தெரியும்."

சின்னவனே, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். குறைந்த விலையோ கூடின விலையோ, நீ எதைத் தேடப் போகிறாயோ அதைக் கையில் கொண்டுபோய்க் கடையில் வைத்துச் சோதித்துப் பார்த்து வாங்கு. பையில் இருக்கிறதை வைத்துப் பார்க்காதே. வாயைத் திறந்து சொல்லவும் வெட்கப்படாதே.

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் நல்ல கூட்டம். பெரியவள் என் தோளில் இருந்தாள், உடம்பு சூடு இல்லாமல். உங்கள் அம்மா முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக உண்டியலில் போட்டாள். நான் காதைக் கொடுத்து நின்றேன், எங்கள் காசு விழும்போதாவது எனக்குத் தெரியும் என்று. மூன்றும் ஒரே மாதிரிதான் விழுந்தன.