கோப்பையில் இருந்தது நஞ்சல்ல

"…மௌத்தாகவே இல்லையே புள்ள அவ. உசிரோட நல்லா எழும்பி இரிந்து கஞ்சி குடிக்கா. நீ எனக்கு என்ன சொன்னாய்?"

எனக்கு மூத்தவள், என் ராத்தா சுபைதா இப்படிக் கேட்டபோது நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே தொலைக்காட்சியில் ஒரு சீன ராணி தமிழில் பேசிக்கொண்டிருந்தாள்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொன்னேன். ஒரு நாடகத்தின் கதையை மாற்றிச் சொல்லி, கூடப்பிறந்தவளின் புருசனை அவளுடைய கேற்றடியிலிருந்தே திருப்பி அனுப்பினேன். அவர் பிறகு வரவில்லை. இனி வரவும் முடியாது.

ஒரு நாடகத்தாலா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்… நானும் அந்த நாட்களில் நிறையச் சிரித்தேன்.

கொரோனாவில் ஊர் அடைந்து கிடந்த மாதங்களில்தான் அது தொடங்கியது. நான் வீட்டிலிருந்து அபாயா தைப்பவள். தைக்கத் துணி வராமல் சும்மா இருந்த ஒரு பகலில், தொலைபேசியில் எதையோ தேடப் போய் ஒரு அரண்மனைக்குள் விழுந்தேன். பனி, நீண்ட கைச்சட்டைகள், தலை நிறைய ஊசிகள், தலை குனிந்து சலாம் வைத்தபடியே ஒருத்தி ஒருத்தியைக் கொல்லும் பெண்கள்! எப்படி விடுவது, சொல்லுங்கள்? தொலைக்காட்சியில் இணைத்து ராத்தாவையும் கூப்பிட்டேன்.

சீனப் பேச்சு, அடியில் ஆங்கில எழுத்து. ராத்தாவுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. நான் சாதாரண தரப் பரீட்சையில் தவறியவள்தான். ஆனால் மருந்துப் பெட்டியையும் பழைய பேப்பரையும் எழுத்துக் கூட்டி வாசித்தே கொஞ்சம் ஆங்கிலம் சேர்த்து வைத்திருந்தேன். நான் வாசித்துச் சொல்வேன்; அவள் கேட்பாள்.

சீனப் பெயர்கள் எங்கள் வாயில் நிற்கவில்லை. ராத்தாவே பெயர் வைத்தாள். அரசன் மஞ்சச்சட்டை. ராணி பெரியவ. இளைய பொஞ்சாதி புருவக்காரி. அரசனின் பின்னால் குதிரைவால் குஞ்சம் தூக்கித் திரிபவர் ஒட்டடைக்காரர். "இவ்வளவு பெரிய மாளிகை, ஒரு சோறாக்கிற சத்தம் கேக்குதா பாரு" என்பாள். எங்கள் வேலிக்கு வெளியே மீன் விற்க வருபவர், சீனாக்காரன் குடும்பத்தோடு வந்து இங்கே கிடக்கிறானா என்று ஒருநாள் கேட்டார். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். பிள்ளை இல்லாத வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு!

முதல் பொய் சின்னது. ஒரு சொல் எனக்கு விளங்கவில்லை. வெட்கத்தில், நானாக ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். பெரியவ தன் உம்மாவை நினைத்து அழுகிறாள் என்றேன். ராத்தாவின் கண் நிறைந்துவிட்டது.

அந்தக் கண்ணீர்… அது நாடகத்தை எழுதியவனுக்கு விழுந்ததா? எனக்கு விழுந்தது! அந்த ருசியை நீங்கள் ஒருமுறை கண்டிருந்தால் என்னை விளங்கும். பிறகு வேண்டுமென்றே மாற்றினேன். சிரிக்க வைத்தேன், பயமுறுத்தினேன், அவள் சாப்பிடாமல் எழும்பும்படி செய்தேன்.

மச்சான், ராத்தாவின் புருசன், அதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போயிருந்தார். அக்கரைப்பற்றில் இன்னொருத்தியை நிக்காஹ் செய்து அங்கே இருந்தார். ராத்தாவுக்குத் தலாக் சொல்லவில்லை. பிறகு அந்த உறவு முறிந்தது. மாவடிப்பள்ளியில் தன் தம்பியின் வயல் வாடியில், காவல் குடிசையில், தனியே தங்கியிருந்தவர், ஒருநாள் ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தார். வந்து ஒருமுறை முகம் பார்த்துக் கதைக்கவா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வரச் சொன்னாள் ராத்தா. சேர்ப்பதா இல்லையா என்பதை அவள் அப்போது முடிவெடுக்கவில்லை. ஆனால் திரைச்சீலை கழுவினாள். கீரி மீன் வாங்கவேண்டும் என்றாள். அது அவருடைய மீன்.

அவர் கெட்ட மனிசன், ராத்தாவைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். அதனால் அதைச் சொல்லமாட்டேன். அவர் செய்தது பெரிய பிழை. ஆனால் மனம் நொந்து திரும்பியிருந்தார். என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் தைக்கும் மெஷினை வாங்கித் தந்தவரே அவர்தான்.

பிறகு ஏன்? எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ராத்தாவின் கலியாணத்துக்கு உம்மாவும் வாப்பாவும் இந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அதில் வந்து குடியிருந்தார். எனக்கு மாப்பிள்ளையும் வரவில்லை, வீடும் எழும்பவில்லை. அவர் திரும்பி வந்தால் முன் ஹோல் அவருக்கு. தொலைக்காட்சியில் செய்தி ஓடும். நான் பழையபடி குசினி அடுப்படியோடு ஒட்டிய அறைக்குள் போவேன். என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் இருக்காது.

இவ்வளவுதான்! உட்காரும் ஒரு கதிரைக்காக. கதை சொல்லும் ஒரு வாய்க்காக.

வியாழக்கிழமை பின்னேரம், அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தோம். மஞ்சச்சட்டை பெரியவவை ஒதுக்கி, ஆளில்லாத குளிர் மாளிகைக்கு அனுப்பி வெகுநாள். இப்போது பனிக்குள் நடந்து வந்து கதவடியில் நிற்கிறான். நெடுநேரம் நின்றான். பெரியவ கதவைத் திறந்தாள். ராத்தா கதிரையில் முன்னால் நகர்ந்து பார்த்தாள். அவள் யாருடைய கதவைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

அவன் ஒரு கோப்பையை நீட்டினான். பெரியவ குடித்தாள். அவன் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். அடியில் எழுத்து வந்தது: மருந்து குடித்துவிட்டாய், இனித் தூங்கு, விடியும்வரை இங்கேயே இருக்கிறேன்…

இதில் விளங்காத சொல் ஒன்றுகூட இல்லை.

"நஞ்சு, ராத்தா" என்றேன். "கதவத் தொறந்தாதானே… அதுக்குத்தான் வந்திரிக்கான். மௌத்து. கதையும் முடிஞ்சி."

தொலைக்காட்சியை அணைத்தேன். நாடகத்தில் இன்னும் பாதி கிடந்தது.

ராத்தா கறுத்த திரையைப் பார்த்தாள். "தொறந்திரிக்கக் கூடா" என்றாள், மெதுவாக.

மறுநாள் மச்சான் வந்தார். கேற் பூட்டியிருந்தது. சுபைதா, சுபைதா என்று கூப்பிட்டார். ராத்தா அறைக்குள் கட்டிலில் குந்தி, காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் கழுவிய திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கூப்பிட்டுக் களைத்து, ஒரு பை மாம்பழத்தைக் கேற்றில் கொளுவிவிட்டுப் போனார். ராத்தா அதைத் தொடவில்லை. நான் தின்றேன். இனிப்பாக இருந்தது!

அடுத்த கிழமை வேறொரு நாடகம் தொடங்கினோம். மச்சான் எடுத்த தொலைபேசிகளுக்கு ராத்தா பதில் சொல்லவில்லை. விட்ட நாடகத்தின் மிச்சப் பாதியை நான் மட்டும், மெஷினடியில் இருந்து, காதில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். பெரியவவுக்குப் பிள்ளை பிறந்தது. சந்தோசத்தில் கண் கலங்கினேன்… ஓம், நான்தான்.

அறுவடைக் காலத்தில், வாடியில், நெஞ்சு வலித்து மச்சான் மௌத்தானார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு மனிசனின் ஜனாஸா அடக்கத்துக்குப் பொஞ்சாதி வீட்டிலிருந்துதான் எழும்பும். அவருடையது தம்பி வீட்டிலிருந்து எழும்பியது. அவருக்கு வீடு இல்லாமல் போனதே என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். ராத்தாவின் காதில் விழும்படிதான். அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

தலாக் இல்லாததால் ராத்தா, புருசனை இழந்தவளாக, நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தாள். தொலைக்காட்சியைத் துணியால் மூடினோம். அவள் வெள்ளை உடுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு தொழுகையிலும் இத்தா சீக்கிரம் முடியவேண்டும் என்று துஆக் கேட்டேன். அவளுடைய துக்கம் தீரவா? நாடகம் பார்க்க! இதைவிடக் கேவலமாக ஒரு துஆவை நீங்கள் கேட்டதுண்டா?

முடிந்தது. மீண்டும் உட்கார்ந்தோம். மீண்டும் என் வாய்.

இந்த நாடகங்களுக்கு யாரோ தமிழில் குரல் கொடுத்துப் போடத் தொடங்கியதை நான் அறியவில்லை. நான் தைத்த அபாயாக்களைக் கொடுக்கக் கல்முனை பஸாருக்குப் போயிருந்த நேரம், பக்கத்து வீட்டுப் பெண் வந்து, இனிமேல் உங்களுக்குத் தங்கச்சி தேவையில்லை என்று பகிடி சொல்லி, அதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ராத்தா தேடி எடுத்துப் பார்த்தது அந்த நாடகத்தை. அந்தக் கோப்பையை.

நான் வாசலில் நிற்கிறேன். அவள் கேட்டுவிட்டாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்குமா? என் வாயில் வந்தது இன்னொரு பொய்.

"எனக்கு அந்த இங்கிலீசு விளங்கல்ல, ராத்தா."

"மத்ததெல்லாம் உனக்கு விளங்கின" என்றாள்.

சத்தம் போடவில்லை. அழவில்லை. ஏசியிருந்தால் காலைப் பிடித்திருப்பேன். வீட்டைவிட்டுப் போ என்றிருந்தால் போயிருப்பேன். அவள் அந்த வழி ஒன்றையும் எனக்குத் தரவில்லை.

திரையில் பெரியவவும் மஞ்சச்சட்டையும் தமிழில் சிரித்துக் கதைத்தார்கள். ராத்தா ரிமோட்டை எடுத்தாள். அவர்களின் சத்தத்தை முழுக்க அடைத்தாள். என் கதிரையைத் தன் கதிரையோடு ஒட்டி இழுத்துப் போட்டு, அதன் இருக்கையைக் கையால் தட்டி, "வா… மிச்சத்தை நீயே சொல்லு" என்றாள்.