காண்ட்ராக்டர் கலக்கிய மஞ்சள்

மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் காண்ட்ராக்டர். பதினோரு வயசில் பிரஷ் பிடித்த கை, நாற்பது வயசில் முப்பது பேருக்குச் சோறு போட்டது. யார் தயவும் இல்லை, முழுக்க உழைப்பு. அப்பேர்ப்பட்ட ஆளை எடைபோட அவருடைய சம்பந்தி, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சம்பந்தம் பேசிய அன்று ஒரே கேள்விதான் கேட்டார்: "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" கல்யாணமாகி ஆறு மாசமாகியும் அது காண்ட்ராக்டருக்குத் தொண்டையில் முள்.

அதனால்தான், சனி ஞாயிறு எல்லோருமாக எங்காவது போகலாம் என்று மகன் சொன்னதும், "அந்த வெள்ளைக்காரன் காலத்து ஊருக்குத்தான் போறோம்" என்று அடித்துச் சொன்னார். ஒரு செங்கல் மாற்றாமல் அரசாங்கம் பொத்திப் பொத்திக் காப்பாற்றும் ஊர். வரிசையாக நாற்பத்திரண்டு வீடு, அத்தனையும் ஒரே மஞ்சள். அந்த மஞ்சள் அவர் கை மஞ்சள்.

முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. ஆதியில் இருந்த நிறமே வேண்டும் என்றார் அதிகாரி. காண்ட்ராக்டர் ஒரு வீட்டின் உள்சுவரில் சில்லுப் பெயர்த்து, அதைப் பார்த்துப் பார்த்து, மஞ்சள் பொடியும் ஒரு பிடி காவியும் போட்டு டிரம்மில் கலக்கினார். அச்சு அசல். பதினாலாவது வீட்டு முகப்பைச் சுரண்டும்போதுதான் குட்டு உடைந்தது. அடியில் பால் வெள்ளை! அந்தச் சில்லு அடுப்படிச் சுவரில் பெயர்த்தது. நூறு வருஷப் புகை ஏறிப் பழுத்த மஞ்சள். அடித்து முடித்த பதிமூணு வீட்டையும் திருப்பி அடித்தால் ஆள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். மீதியையும் மஞ்சளே அடித்தார். அதிகாரிக்குப் பரம திருப்தி. பிறகு யார் அடித்தாலும் அவர் மஞ்சளைப் பார்த்துத்தான் அடித்தார்கள்.

தெருமுனையில் கைடு பெண் ஆரம்பித்தாள். "இந்த மஞ்சளைக் கவர்னர் மனைவி தன் ஊர் ஞாபகமாக் கொண்டுவந்தாங்க. இருநூறு வருஷமா இதே நிறம். கலவை ரகசியம் இன்னைக்கும் யாருக்கும் தெரியாது."

காண்ட்ராக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "எனக்குத் தெரியும்மா. கவர்னர் பொண்டாட்டியும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. அடுப்புப் புகை! நான் கலக்கினது."

"அப்பா, மெதுவா," என்றான் மகன்.

"என்னடா மெதுவா? உன் மாமனாரும் கேக்கட்டும்."

ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆராய்ச்சி பண்ணித்தானே சொல்றாங்க, சம்பந்தி. படிச்சவங்க சும்மா சொல்வாங்களா?"

படிச்சவங்க. போதாதா? காண்ட்ராக்டர் வீட்டுச் சாவியை எடுத்து, பக்கத்துச் சுவரில் அழுத்தி நாலு இழுப்பு இழுத்தார். மஞ்சள் தோல் தோலாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளை.

"பாருங்க!"

ஒருத்தரும் சுவரைப் பார்க்கவில்லை. விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்த காவலாளி அவர் மணிக்கட்டைப் பிடித்தான். "நடங்க ஆபீசுக்கு. புராதனச் சுவர் இது, கேஸ் போட்டே ஆகணும்."

மகன் குறுக்கே பாய்ந்து கும்பிட்டான். "மன்னிச்சுடுங்க சார். அப்பாவுக்குப் புத்தி தடுமாறுது. சில நாள், தான் யாருன்னே அவருக்குத் தெரியாது. நாங்கதான் கையைப் பிடிச்சு வச்சிருக்கணும்."

காவலாளியின் பிடி தளர்ந்தது. "அடப்பாவமே. முதல்லயே சொல்றதில்லையா?"

புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் கேஸ். பெற்ற பிள்ளை பொய்யன் ஆவான். காண்ட்ராக்டர் மகன் முகத்தைப் பார்த்தார். பயம் இருந்தது. வெட்கம் இருந்தது. அப்பா சொன்னது நிஜமாக இருக்குமோ என்ற சந்தேகம் மருந்துக்கும் இல்லை. தப்பிக்கச் சொன்ன பொய்தான். ஆனால் அதில் பாதியை அவன் நம்பியே சொல்லியிருக்கிறான். அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வேனில் உட்கார வைத்தார்கள். ஹெட்மாஸ்டர் தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து தானே அவர் வாயருகே கொண்டுபோனார். அதுவரை காட்டாத கரிசனம்.

"சம்பந்தி," என்றார் உரக்க, எழுத்துக் கூட்டுவது போல. "நான் யாரு? சொல்லுங்க பாப்போம்."

மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஹெட்மாஸ்டர்," என்றார் காண்ட்ராக்டர்.

"வெரிகுட்!" என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார் ஹெட்மாஸ்டர்.