அப்பா சொன்ன வாயு

என் வேலை என்னவென்று அப்பாவுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தண்ணீர் நிற்கும் நெல்வயலின் சேற்றிலிருந்து மெதேன் என்கிற வாயு கிளம்புகிறது. கொத்மலை வயல்களில் பயிர்மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேருவதை ஊசியால் உறிஞ்சி அளக்கிறோம். அதை வைத்து உலகத்து வயல்கள் முழுவதற்கும் கணக்குப் போடுகிறோம். யாரும் அளக்காத தேசங்களுக்கு, அதே மாதிரி தண்ணீர் கட்டுகிற வேறொரு தேசத்தைப் பார்த்து ஓர் உத்தேசம்தான்.

அப்பா டயகமப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கிளைகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டியவர். ஆயுள் முழுக்கச் சோறு தின்றும் வயலில் கால் வைத்ததில்லை. கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“நெல்லுக்கும் வாயுத் தொல்லையா! ஓமத்தண்ணி குடுக்கச் சொல்லு புள்ள.”

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வாயு என்றால் அதுதான். வயிறு உப்பினால் வாயு, முதுகு பிடித்தால் வாயு, தோள் கடுத்தாலும் வாயு. எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் இஞ்சியும் பெருங்காயமும் இருந்தன.

போன பெரும்போக நெல் அறுவடை சமயம், ஒருநாள் காலையில் அப்பா எனக்கு ஃபோன் எடுத்தார்.

“நெஞ்சுல வாயு புடிச்சிருக்கு. ஒன் பெட்டிய எடுத்துக்கிட்டு வா, அளந்து பாப்போம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “வெளையாடாதீங்கப்பா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க!” என்று கத்தினேன்.

“அட போ புள்ள. அம்மா இஞ்சித்தண்ணி குடுத்திருக்கா. படுத்தா சரியாயிரும்.”

படுத்தார். மாலையில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்போது வழியிலேயே போய்விட்டார். நான் அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, மாரடைப்பு என்றார். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் சொன்னார். பாவி மனுஷன், அதைச் சொல்லாமல் விட்டிருக்கக் கூடாதா? அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர், “வாயு நெஞ்ச அடைச்சிருச்சு” என்றே சொல்லி அழுதார். அந்த இஞ்சித்தண்ணி டம்ளரைத் தன் கையாலேயே நீட்டியவர். வேறு சொல்லைக் கேட்டால் தாங்கமாட்டார்.

கருமாதி முடிந்து நான் வேலைக்குக் கிளம்பியபோது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பெட்டிய அவரு நெஞ்சுல வச்சிருந்தா, வாயு எவ்வளவுன்னு காட்டியிருக்குமா?”

“காட்டியிருக்காதும்மா. அது வயலுக்கு மட்டுந்தான்.”

கையை விடவில்லை.

“அப்ப நான் இஞ்சித்தண்ணி குடுத்தது சரிதானே?”

“சரிதாம்மா” என்றேன்.