பாலர் வகுப்பு ஞானப்பூ டீச்சர்

ஏரலில் துணி எடுக்கப் போன என் தங்கைதான் செய்தி கொண்டுவந்தாள். தூத்துக்குடி ஞானப்பூ டீச்சர் இறந்துவிட்டாராம். அடக்கம் முந்தாநாளே முடிந்துவிட்டதாம். அவருக்கு மூச்சிரைப்பு கூடிவிட்டதென்று போன மாதமே கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்ததோடு சரி. அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று எனக்கு இருந்தது.

அவரிடம் அரிச்சுவடி படித்தவர்கள் துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முதல்நாள் அழுகிற பிள்ளையை அவர் எப்படித் தேற்றுவார் என்பது உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. அவருக்குத் துணை டீச்சராக நான் புதிதாகச் சேர்ந்தபோது எனக்குச் சொன்னார்: "அழாதேன்னு சொல்லாத. அம்மா இப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருப்பாவன்னு கேளு." அம்மா மீன் காயப்போடுவதைச் சொல்லத் தொடங்கிய பிள்ளை, காக்காய் விரட்டுவதைச் சொல்வதற்குள் அழுகையை மறந்திருக்கும்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போடுவான் என்று பேச்சு. வசதி உள்ளவர்கள் ஆத்தூருக்கும் ஏரலுக்கும் குடிபோனார்கள். போக இடமில்லாத தோணிக்காரர் பிள்ளைகள் பத்தொன்பது பேர் எங்கள் வகுப்பில் மிஞ்சினார்கள்.

ஒருநாள் இடைவேளையில் அபாயச் சங்கு ஊதியது. முற்றத்தில் இருந்த பிள்ளைகளை உள்ளே இழுத்துவந்து சுவரோரம் உட்காரவைத்தோம். நான் எண்ணினேன். பத்தொன்பது. எல்லாரும் இருக்கிறார்கள் என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ரோசம்மா எங்கன?"

பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் ஆயாவின் மகளையும் எங்கள் பிள்ளைகளோடு சேர்த்து எண்ணியிருக்கிறேன்.

கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் வெளியே ஓடினார். நான் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றேன். மேலே ஏதோ இரைகிற மாதிரியே இருந்தது. காற்றா விமானமா என்று தெரியவில்லை. "டீச்சர் வந்திருவாவளா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அதை என் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டேன்.

கதவு தட்டப்பட்டபோது, இடுப்பில் ரோசம்மாளோடு அவர் நின்றார். முழங்கால்வரை சேலை நனைந்திருந்தது. கடலுக்குப் போன அப்பாவைத் திரும்பக் கூப்பிட, பள்ளிக்குப் பின்னால் கடல்தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறாள் பிள்ளை. அன்று விமானம் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆபத்து நீங்கியதென்று மறுபடி சங்கு ஊதினார்கள்.

மறுநாள் பள்ளி மேனேஜர் வந்து விசாரித்தார். நான் வாய் திறப்பதற்குள் டீச்சர் சொல்லிவிட்டார்: "என் வகுப்பு சார். நான்தான் சரியாப் பாக்கல." அவர் திட்டு வாங்கினார். எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம், பேசாமல் நின்றேன்.

சாயங்காலம் அவர்முன் அழுதேன். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "எனக்கும் பயந்தான், ஏளா. பயத்துல தலைய எண்ணக்கூடாது. முகத்தப் பாத்துப் பேரச் சொல்லிக் கூப்பிடணும்."

எண்ணியது நான்தான். மேனேஜரிடம் இதை ஒப்புக்கொண்டு டீச்சர்மேல் விழுந்த பழியைத் துடைத்துவிட்டு, ஒருநாள் அவரிடம் போய் அதைச் சொல்ல வேண்டும் என்றே நாளைக் கடத்திவிட்டேன். இனி உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தப் பழக்கம். இன்று காலையும் என் வகுப்பில் முகம் பார்த்துப் பேர் சொன்னேன். ஒரு பிள்ளை வரவில்லை. காய்ச்சல் என்று அவள் அம்மா வந்து சொல்லும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.