சாட்சி முள்

வீட்டில் ஒரு பொருள் உடைந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? உடைந்த பொருளையா, கடைசியாக அதைத் தொட்ட ஆளையா? அவசரப்பட்டு நல்ல பதிலாகச் சொல்லிவிடாதீர்கள். போன முறை வாஷிங் மெஷின் நின்றபோது யாரைத் திட்டினீர்கள் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கார்ப் பந்தயத் தடத்துக்குப் பின்புறம், தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றில் எஞ்சின் கட்டுகிற பெண் ஒருத்தி இருந்தாள். டாக்டரம்மா என்பது கொட்டகை அவளுக்கு வைத்த பெயர். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியில் காதைப் பொருத்தி, "ரெண்டாவது சிலிண்டருக்குச் சளி பிடிச்சிருக்கு" என்பாள். பிரித்துப் பார்த்தால் கோளாறு அங்கேதான் இருக்கும். அந்தக் காது வரமாக வந்ததல்ல. இருபது வயதில் துணி தைக்கும் தொழிற்சாலையில், நானூறு மெஷின்களுக்கு நடுவே பழுது பார்க்கிற வேலை அவளுக்கு. எந்த மெஷின் முனகுகிறது என்று கண்டுபிடிக்கத் தாமதமானால் சூப்பர்வைசர் முனகுவார். பத்து வருடம் அப்படிக் கேட்டுத் தீட்டிய காது அது.

கொட்டகைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கியதும் நோட்டில் ஒரு குறி, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி சரிபார்த்ததும் இன்னொரு குறி. இரண்டு குறி விழாத எஞ்சின் அவள் மேஜையை விட்டு இறங்கியதில்லை.

அந்த வருடம் இரண்டே மாதத்தில் மூன்று எஞ்சின்கள் போயின. மூன்றும் ஒரே காரில், ஒரே இடத்தில்: நேர்த்தடம் முடிந்ததும் வருகிற மூன்றாவது வளைவில். கட்டியவள் டாக்டரம்மா. ஓட்டியவர் முதலாளியின் மருமகன். டயர் மாற்றுகிறவர்கூட அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார். மாப்பிள்ளை கால் தடுக்கினால் குற்றம் வாசற்படியுடையது, உங்களுக்குத் தெரியாததா?

முதல் எஞ்சின் போனபோது வளைவுக்கு ராசி இல்லை என்றார்கள். இரண்டாவது போனபோது காரின் எண்ணுக்கு ராசி இல்லை என்று ஏழு என்பதை அழித்து ஒன்பது எழுதினார்கள். ஒன்பதும் உடைந்தது. வளைவைத் திட்டினால் வளைவு அழாது, எண்ணைத் திட்டினால் எண் அழாது. திட்டுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

"உன் கைக்கு ராசி போயிடுச்சும்மா," என்றார் முதலாளி. "சனிக்கிழமை ரேஸ். நாலாவதும் போச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்க."

"வால்வு வளைஞ்சு பிஸ்டன்ல இடிச்சிருக்கு சார். அளவுக்கு மீறிச் சுத்தினாத்தான் அப்படி ஆகும். மேல் கியர்லேருந்து சட்டுனு கீழ போட்டா..."

"மாப்பிள்ளைக்குக் கியர் போடத் தெரியலங்கறியா?"

அந்த வாக்கியம் அங்கேயே செத்தது. கொட்டகையில் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேருக்கும் அந்த நேரத்தில் தரையில் ஏதோ தேட வேண்டியிருந்தது.

அவள் கணவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். அன்று மாலை பாத்திரம் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

"யாருக்கு வச்ச மூஞ்சி இது? எனக்கா, முதலாளிக்கா?"

"ரெண்டு பேருக்கும் பொது."

நடந்ததைச் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என் பஸ்ஸ எறக்கத்துல அஞ்சுலேருந்து ரெண்டுக்கு இழுத்தேன்னு வை, எஞ்சின் எந்திரிச்சு வந்து என் மடியில உக்காரும். முதல்ல பிரேக்கு. வேகம் செத்தப்புறம் ஒவ்வொரு கியரா, படி எறங்குற மாதிரி. மாடியிலேருந்து குதிச்சா கால் ஒடியாதா?"

"அது எனக்குத் தெரியும்ங்க. அவர் குதிக்கிறார்னு எப்படிக் காட்டுறது?"

"ஒடஞ்சதப் பன்னெண்டு வருஷமாப் பாக்குற. ஒடைக்கிறத ஒரு தடவ போய்ப் பாத்தியா?"

பார்த்ததில்லை. கொட்டகைக்கும் தடத்துக்கும் நடுவே ஒரு மதில். அவள் வேலை மதிலுக்கு இந்தப் பக்கம். மறுநாள் பயிற்சி ஓட்டத்துக்கு பழைய எஞ்சின் ஒன்றை மாட்டி அனுப்பிவிட்டு, மூன்றாவது வளைவுக்கு நடந்து போனாள். அங்கே கொடி காட்டுகிறவர் பழைய டயர் அடுக்கில் உட்கார இடம் கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் கார் வந்தது. நேர்த்தடத்தின் முடிவில் பிரேக் அழுத்தும் கீச்சு. எஞ்சின் சத்தம் தணிந்தது. பிறகு ஒரு சின்ன உறுமல், ஒரு கியர் கீழே. இன்னொரு உறுமல், இன்னொரு கியர். அந்த உறுமல் வீம்புக்கல்ல. வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை விடாமல் அழுத்தியிருக்க, அதே பாதத்தின் ஓரம் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டும். கிளட்சை விடும்போது எஞ்சினும் கியரும் ஒரே வேகத்தில் கைகோத்துக்கொள்ளும். ஸ்டீயரிங் திரும்புவதற்குள் கியர் வேலை முழுவதும் முடிந்திருந்தது.

அடுத்து மாப்பிள்ளை. முதலில் அலறல், பிறகுதான் பிரேக்.

"ஏம்மா மூஞ்சியச் சுளிக்கிற?" என்றார் கொடிக்காரர்.

"பல்லு கூசுது அண்ணே. மனுஷன் பிரேக்க நம்பாம கியரப் போட்டு வண்டிய நிறுத்தப் பாக்கறார்."

வேகம் குறையாமல் கீழ்க் கியர் விழுந்தால் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுவது போய், சக்கரம் எஞ்சினைச் சுற்றும். எஞ்சின் அளவு மீறாமலிருக்க ஏழாயிரம் சுற்றில் வெட்டுகிற பெட்டி ஒன்று காரில் உண்டு; ஆனால் அது எரிபொருளைத்தான் வெட்டும். சக்கரம் வழியாக வரும் வேகத்தை எந்தப் பெட்டியாலும் வெட்ட முடியாது.

காது கேட்டுவிட்டது. ஆனால் அவள் காதை யார் கேட்பார்கள்? சாட்சி வேண்டும். சாட்சி அந்தக் காருக்குள்ளேயே இருந்தது. எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரில் இரண்டு முட்கள். ஒன்று ஏறி இறங்கும். மற்றது, ஏறிய உச்சத்திலேயே நின்றுகொள்ளும். பக்கத்துத் திருகைத் திருகினால்தான் கீழே வரும். கொட்டகையின் வழக்கம் என்னவென்றால், ஓட்டியவர் ஹெல்மெட்டைக் கழற்றும்வரை யாரும் காரை நெருங்கக் கூடாது. கழற்றுவதற்கு முன் அவரே திருகைத் திருகிவிடுவார். மரியாதை என்றார்கள். சாட்சியின் வாயைப் பொத்துவதற்கு மரியாதை என்று பெயர் வைத்தவர் பெரிய கெட்டிக்காரராக இருந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாலாவது எஞ்சின் ஏறியது. "புது எஞ்சின் சார், ரெண்டு சுத்துல உள்ள கூப்பிடுங்க, பாக்கணும்," என்று முதலாளியிடம் சொல்லி வைத்தாள். கார் வந்து நின்றது. ஹெல்மெட் இன்னும் தலையில். அவள் நேராக நடந்து போய், திருகை நோக்கிப் போன கையுறைக்கு முன்னால் தன் எண்ணெய்க் கையை வைத்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்க சார்."

"ஏய், என்ன இது?" என்று ஓடி வந்தார் முதலாளி.

"நீங்களே படிங்க சார். நான் படிச்சா ராசி இல்லாத கண்ணும்பீங்க."

முதலாளி குனிந்தார். முள் எட்டாயிரத்து ஐந்நூறில் நின்றது. அவர் நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார்.

மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றினார். கோபத்தை எதிர்பார்த்து நின்றவளுக்கு அந்த முகத்தில் தெரிந்தது குழப்பம்.

"கியர்லயே வேகத்தக் குறைச்சா பிரேக் தேயாதுன்னு நெனச்சேன். திருகு... எல்லாரும் திருகுறாங்கன்னு நானும் திருகினேன். இது தப்புன்னு ஒருத்தர்கூடச் சொல்லலையே?"

"மாப்பிள்ளைகிட்ட யார் சார் சொல்லுவா?" என்றாள் அவள்.

ஒருவரைக் கேள்விக்கு அப்பால் உட்கார வைத்துவிட்டு, அவருடைய தவறுக்கு வேறொருத்தியின் பிழைப்பைப் பலி கேட்ட கொட்டகை அது. அப்படிக் கியர் போட்டதில் பின்சக்கரம் இறுகிச் சறுக்கியிருந்தால் அந்த மனிதரின் உயிரையும் கேட்டிருக்கும்.

அவள் வால்வு இடைவெளியை அளந்தாள், எஞ்சின் தப்பித்திருந்தது. பிற்பகல் முழுக்கக் கொடிக்காரர் பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளை பிரேக்குக்கு முன் கியர் போட்டால் அவள் கை கீழே. பிரேக் முதலில், கியர் ஒவ்வொன்றாக வந்தால் கை மேலே. ஒன்பதாவது சுற்றில்தான் கை முதல்முறை மேலே போனது. பதினைந்தாவது சுற்றுக்குப் பிறகு அது இறங்கவே இல்லை.

சனிக்கிழமைப் பந்தயத்தில் மாப்பிள்ளை ஆறாவதாக வந்தார். முள் ஆறாயிரத்து எண்ணூறில் நின்றது. முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. கொட்டகை வாசலில் நின்று பெருமூச்சு விட்டார்.

"பரவால்லம்மா. உன் கைக்கு ராசி திரும்பி வந்துடுச்சு."

"ராசி இல்ல சார்," என்றாள் டாக்டரம்மா, நோட்டில் இரண்டாவது குறியைப் போட்டபடி. "பிரேக்."

உங்கள் கொட்டகையிலும் ஒரு சாட்சி முள் இருக்கும். பதிவேடாக, அளவுமானியாக, யாரும் கேட்காத ஒருத்தியின் காதாக. அடுத்த முறை ஏதாவது உடைந்து, கைகட்டி நிற்கிற ஒருவரை நோக்கி எல்லா விரலும் நீளும்போது, தரையில் எதையும் தேடாதீர்கள். முள் எங்கே நின்றது என்று சத்தமாகக் கேளுங்கள். யாராவது திருகுவதற்கு முன்னால் கேளுங்கள்.